மாடியில் ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விடலாமா? வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்



நம் மாதக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, எங்க வீட்டு மொட்டை மாடி சும்மாதானே கிடக்கு. மேல ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, பாத்ரூம் எடுத்துக் கட்டிட்டா மாசாமாசம் வாடகை வந்துகிட்டே இருக்கும். குழுவில கடன் கொடுப்பீங்களா?"

கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. பெரம்பூரில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் 'டூ லெட்' அட்டை தொங்குகிறது. ஒரு வாரத்தில் அது காணாமல் போகிறது. பக்கத்து வீட்டு அம்மா ஐந்தாம் தேதி ஆனால் வாடகை எண்ணுவதை நாம் பார்க்கிறோம். நமக்கும் ஆசை வரத்தானே செய்யும்?

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். தையல் மெஷினுக்குக் கடன் கேட்டால் நம் குழுக்கள் நூறு கேள்வி கேட்கும். துணி எங்கே வாங்குவே, யார் தைக்கக் கொடுப்பாங்க, நாளைக்கு எத்தனை ஜாக்கெட் என்று துருவித் துருவிக் கேட்போம். வீடு கட்ட என்றால் யாரும் வாயைத் திறப்பதில்லை. "செங்கல் எங்கே ஓடிப்போகப் போகுது?" என்று தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். செங்கல் ஓடாதுதான். வாடகை ஓடும், குடித்தனக்காரர் ஓடுவார், தவணைத் தேதி மட்டும் ஓடாமல் அதே இடத்தில் நிற்கும். அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

வாடகை வேறு, லாபம் வேறு

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். எண்கள் புரிவதற்காக நாங்கள் வைத்தவை. உங்கள் தெருவுக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாடியில் 300 சதுர அடி. கட்டுமானம், தண்ணீர் தொட்டி, தனி மீட்டர், மாடிப்படி, அனுமதிச் செலவு எல்லாம் சேர்த்து 7,50,000 ரூபாய். வாடகை மாதம் 6,500. வருடத்துக்கு 78,000. நூறு ரூபாய் போட்டால் வருடத்துக்குப் பத்து ரூபாய் நாற்பது காசு. வங்கியில் போட்டால் ஆறு, ஏழு ரூபாய்தான் கிடைக்கும். கொத்தனாரும் மேஸ்திரியும் நம்மிடம் சொல்லும் கணக்கு இத்தோடு முடிந்துவிடும்.

இப்போது நாம் கழிக்க ஆரம்பிப்போம். ஒருவர் காலி செய்து, வெள்ளையடித்து, அடுத்தவர் வருவதற்குள் எப்படியும் ஒரு மாதம் போகும். அது 6,500. பெயிண்ட், குழாய், கதவு, மழைக்கு ஒழுகினால் ஓதம் பார்ப்பது என்று வருடத்துக்கு 6,000. மாடி கட்டியதால் கூடும் வீட்டு வரி 2,400. மோட்டார், தொட்டி கழுவுவது, தண்ணீர் வரி 1,800. மொத்தம் 16,700 ரூபாய். 78,000-ல் இதைக் கழித்தால் கையில் நிற்பது 61,300. அதாவது நூற்றுக்கு எட்டு ரூபாய் சொச்சம்.

இது நல்ல வருடம். கெட்ட வருடத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் காலி, வாடகையும் 5,500-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாத வாடகை 55,000. செலவு 10,200 அப்படியேதான் இருக்கும், சுவருக்கு நம் கஷ்டம் தெரியாது. மிச்சம் 44,800. நூற்றுக்கு ஆறு ரூபாய்கூடத் தேறவில்லை. பேசாமல் வங்கியில் போட்டிருந்தால் இதே பணம் வந்திருக்கும், மேஸ்திரியோடு சண்டையும் மிச்சம்.

நல்ல வருடத்துக்கும் கெட்ட வருடத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைத்தான் 'ரிஸ்க்' என்கிறார்கள். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. பூ வியாபாரம் செய்யும் நம் அக்காக்களுக்கு இது நன்றாகத் தெரியும். முகூர்த்த நாள் விற்பனையை வைத்து வருடக் கணக்குப் போட மாட்டார்கள்.

வட்டியை விடப் பெரிய விஷயம் தவணைக் காலம்

இங்கேதான் நம் உறுப்பினர்கள் அதிகமாக மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

மேலே சொன்ன ஏழரை லட்சத்தில் மூன்றரை லட்சம் கைப்பணம், நான்கு லட்சம் கடன் என்று வைப்போம். வட்டி வருடத்துக்கு 12 சதவீதம். குழு மூலம் வரும் கடன், மூன்று வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும். மாதத் தவணை சுமார் 13,290 ரூபாய் வரும். மாடி வாடகையில் செலவு போக மாதத்துக்கு நிற்பது 5,100 ரூபாய். மீதி 8,190 ரூபாயை 36 மாதமும் எங்கிருந்து எடுப்பது? வீட்டு வேலைக்குப் போகும் சம்பளத்தில் இருந்தா? பிள்ளையின் காலேஜ் பணத்தில் இருந்தா?

அதே நான்கு லட்சத்தை, அதே 12 சதவீத வட்டிக்கு, பத்து வருடத் தவணையில் வாங்கினால் மாதம் 5,740 ரூபாய்தான். அப்போதும் 640 ரூபாய் துண்டு விழும். ஆனால் அது சமாளிக்கக்கூடிய துண்டு. பத்து வருடத்தில் மொத்தமாகக் கட்டும் வட்டி அதிகம்தான், இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல் போகும். மூன்று வருடத்தில் முடித்தால் வட்டி எண்பதாயிரத்துக்குள். "அப்படின்னா சீக்கிரம் கட்டுறதுதானே லாபம்?" என்று ஒரு ஊக்குநர் பயிற்சியில் கேட்டார். கட்ட முடிந்தவருக்கு லாபம். வாடகையை நம்பிக் கட்டுபவருக்கு அது முடியாத காரியம்.

வாடகை மெதுவாக வரும் பணம். பத்து, பன்னிரண்டு வருடத்தில்தான் போட்ட பணம் திரும்பும். மூன்று வருடக் கடன் வேகமாகக் கேட்கும் பணம். புடவை வாங்கி விற்பவருக்கு, இட்லி மாவு விற்பவருக்கு அந்தக் கடன் பொருந்தும், அவர்களுக்குப் பணம் வாரா வாரம் திரும்புகிறது. மாடி வீட்டுக்குப் பொருந்தாது. வீட்டுக்கு என்றே வங்கிகளும் வீட்டுவசதி நிறுவனங்களும் நீண்டகாலக் கடன் தருகின்றன. அதற்குப் பத்திரம், வரைபடம், வருமான ஆதாரம் எல்லாம் கேட்பார்கள். "குழுவில கேட்டா ஜாமீன் இல்லாம கிடைக்குது, அங்க அலைய விடுறாங்க" என்பது உண்மைதான். ஆனால் அப்படி அலைய விடுவதிலேயே ஒரு சோதனை நடந்துவிடுகிறது. பத்திரத்தில் ஓட்டை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

கைப்பணம் மூன்றரை லட்சம் என்றோமே, அதையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சீட்டு எடுத்ததா, நகையை அடகு வைத்ததா? அடகு என்றால் அங்கேயும் வட்டி ஓடுகிறது. அதைக் கைப்பணம் என்று சொல்லக் கூடாது, அதுவும் கடன்தான்.

இடம் யார் பேரில்?

ஒரு குழுவில் நடந்தது. பேர் வேண்டாம். அந்த உறுப்பினர் குழு மூலம் ஒன்றரை லட்சம் வாங்கி, வீட்டுக்காரர் சேமித்ததையும் போட்டு மாடி எடுத்தார். மாமனார் பேரில் இருந்த இடம். "ஒரே குடும்பம்தானே" என்று யாரும் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு வீட்டுக்காரர் உடம்பு சரியில்லாமல் இறந்துபோனார். கொழுந்தனார் வந்து, "இடம் அப்பாவுடையது, மேலே இருப்பதும் அப்பாவுடையது" என்றார். வாடகை மாமனார் கைக்குப் போக ஆரம்பித்தது. கடன் பாஸ்புத்தகம் மட்டும் நம் உறுப்பினர் கையில்.

மீதித் தவணையைக் குழுவில் இருந்த மற்ற பெண்கள் சேமிப்பில் இருந்து கட்டினார்கள். கட்டாமல் விட்டால் அடுத்த இணைப்புக் கடன் யாருக்கும் வராது, தரம் பிரிக்கும்போது குழுவே கீழே போய்விடும். எல்லாருமாகச் சேர்ந்து கட்டினார்களே என்று பெருமைப்படலாம். ஆனால் அதில் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு என்று ஆறு வருடம் சேர்த்த பணமும் இருந்தது. அதை நாங்கள் இன்றும் மறக்கவில்லை.

இந்த விஷயத்தில் ரிஸ்க் முழுக்க ஒரு பெண் தலையில், வரவு முழுக்க வேறு ஒருவர் கையில். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் இது தப்பான முதலீடு. மருமகளுக்கு மாமனார் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயிரோடு இருக்கும்வரை எந்தப் பங்கும் கிடையாது. அவர் விருப்பப்பட்டு எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. அதனால் முதல் செங்கல் வைக்கும் முன் பத்திரம் பேச வேண்டும். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் எழுதச் சலுகைக் கட்டணம் இருக்கிறது. யாருக்கு யார் எழுதினால் அந்தச் சலுகை என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு இன்னொரு செய்தி. 2025 ஏப்ரல் 1 முதல், பத்து லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பெண் பேரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. "யார் பேரில் வாங்குவது?" என்று வீட்டில் பேச்சு வரும்போது இதையும் எடுத்துப் போடுங்கள். சில ஆண்களுக்கு நியாயம் புரியாவிட்டாலும் ஒரு சதவீதம் புரியும்.

நம் பகுதியில் அடிமனை விவகாரமும் உண்டு. நிலம் கோயிலுடையது, கட்டிடம் மட்டும் நம்முடையது என்று இருக்கும் வீடுகளில், கோயில் அனுமதி இல்லாமல் மாடி எடுப்பது நம் பணத்தை அடுத்தவர் நிலத்தில் கொட்டுவது மாதிரி. வாரிய வீடு ஒதுக்கீடு பெற்றவர்கள் அதை வெளியாருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வேறு இடத்தில் இருப்பதும் விதிமீறல். ஒதுக்கீடே ரத்தாகலாம். "எல்லாரும் விடுறாங்க" என்று சொல்லி அதிகாரியிடம் தப்பிக்க முடியாது.

வாடகை எங்கிருந்து வருது?

சுவரில் இருந்து வருவதில்லை. குடியிருப்பவர் சம்பளத்தில் இருந்து வருகிறது. பெரம்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பி அண்ட் சி மில், நம் பெரியவர்கள் சொல்வது பின்னி மில், ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போட்டது. ஷிப்டு சங்கு ஊதினால் பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரி தெருவெல்லாம் நிறைந்துவிடும் என்பார்கள். இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னை தொழிலாளர் சங்கம் 1918-ல் இந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான் தொடங்கியது. அந்த மில் 1996-ல் மூடப்பட்டது. மில் சம்பளத்தை நம்பிக் குடித்தனம் வைத்தவர் வீட்டில் அடுத்த மாத வாடகை எப்படி வந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. அங்கே குடிவருபவர்கள் வேறு, அவர்கள் சம்பளமும் வேறு.

இன்னொரு பக்கம் ரயில்வே. 1955 அக்டோபர் 2-ல் திறந்த ஐ.சி.எஃப். இன்றும் பெட்டி செய்துகொண்டிருக்கிறது. கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், ரயில்வே ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கின்றன. அங்கே நிரந்தர வேலையில் இருப்பவர் குடிவந்தால் வாடகை தேதி தவறாது. ஆனால் அவர்களில் பலருக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு. நம் 300 சதுர அடி ரூமுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், டெலிவரி வேலை பார்க்கும் பையன்கள், வடக்கில் இருந்து வந்து தங்கும் தம்பிகள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். நல்லவர்கள்தான். வருமானம்தான் ஏறி இறங்கும்.

2020 கொரோனா ஊரடங்கு ஞாபகம் இருக்கிறதா? மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அது நியாயமான உத்தரவு. வேலையே இல்லாதவர் எப்படித் தருவார்? அடுத்து அந்தத் தம்பிகள் ரயில் ஏறி ஊருக்குப் போய்விட்டார்கள். வாடகையை நம்பித் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள் பட்ட பாடு நம் கூட்டங்களில் வந்து கொட்டியது. அதனால் நாங்கள் சொல்வது இதுதான். ஆறு மாதத் தவணைக்கு ஆகும் பணம் தனியாக, தொடாமல் இருக்க வேண்டும். அது இல்லாமல் கட்ட ஆரம்பிக்காதீர்கள்.

அட்வான்ஸ் பணத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அட்வான்ஸ் நம் பணம் இல்லை. காலி செய்யும் அன்று திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். அதை வாங்கிப் பெயிண்ட் அடித்துவிட்டு, போகிறவரிடம் "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்று சொல்லும் வீட்டுக்காரர் ஆகிவிடாதீர்கள். நம்மில் எத்தனை பேர் வாடகைக்கு இருந்து அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறோம்!

அடித்தளமும் மழையும்

பழைய வீட்டின் மேல் புது மாடி வைப்பது பழைய சைக்கிளில் மூன்று பேர் போவது மாதிரி. சில வீடுகள் தாங்கும், சில வீடுகள் தாங்காது. கருங்கல் அஸ்திவாரமா, தூண் உண்டா, மெட்ராஸ் டெரஸ் கூரையா என்று இன்ஜினியர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். மேஸ்திரி காலால் தட்டிப் பார்த்து "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்வது சான்றிதழ் ஆகாது. 2021 டிசம்பர் 27-ல் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் இருந்த ஒரு கட்டிடம் இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து முன்பே எல்லாரும் வெளியே வந்துவிட்டதால் உயிர் தப்பினார்கள். அது வேறு கதை, மாடி எடுத்ததால் விழுந்தது இல்லை. ஆனாலும் விரிசலை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு நம் வடசென்னையிலேயே கண்ணால் பார்த்த சாட்சி அது.

அனுமதி வாங்குவது முன்பு போல அவ்வளவு கஷ்டம் இல்லை. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனில் அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. நம் சந்து வீட்டுக்கு அது பொருந்துமா என்று விசாரியுங்கள். கட்டி முடித்ததும் மாநகராட்சி வரியைத் திருத்திப் போடும். 2022-ல் வீட்டு வரி உயர்ந்தபோது, பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75 சதவீதம் கூடியது. மாடி எடுத்ததும் வீட்டின் மொத்தப் பரப்பு கூடும், வரியும் அதற்கேற்பக் கூடும். நாம் கணக்கில் போட்ட 2,400 ரூபாய் குறைச்சலாக இருக்குமே தவிர, அதிகம் இருக்காது.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? 2015, 2021, 2023 மூன்று வெள்ளத்தையும் நாம் பார்த்தோம். பெரம்பூர், புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் தண்ணீர் நின்ற நாட்களில் மாடி வீடுதான் எல்லாருக்கும் அடைக்கலம். வாடகைக்கு வருபவர்கள் இப்போது "தண்ணி வருமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். குழாய்த் தண்ணீரையும் கேட்கிறார்கள், வெள்ளத் தண்ணீரையும் கேட்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மாடி ரூமுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. மோட்டாரையும் மீட்டரையும் மட்டும் தரையோடு வைக்காதீர்கள்.

லீஸுக்கு விட்டால் கடனே வேண்டாமே?

நம் பக்கம் நிறையப் பேர் செய்வது இது. மாடியை நான்கு லட்சம் ரூபாய்க்கு மூன்று வருட லீஸுக்கு விட்டுவிடுவது. மாத வாடகை கிடையாது, கடைசியில் நான்கு லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும். "வட்டியில்லாத பணம்" என்று சொல்வார்கள். வட்டி இல்லையா? வருடத்துக்கு 78,000 வாடகையை விட்டுக்கொடுத்திருக்கிறீர்களே. ஒரு மாதம் காலி கிடக்கும் என்று கழித்தாலும் 71,500. நான்கு லட்சத்துக்கு அது கிட்டத்தட்ட 18 சதவீதம், மாதத்துக்கு ஒன்றரை வட்டி. தவணை இல்லாததால் வட்டி கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து நான்கு லட்சம் கையில் இருக்காது. அடுத்த லீஸ்காரரிடம் வாங்கி இவருக்குக் கொடுப்போம். அவர் ஐந்து லட்சம் தந்தால் அந்த ஒரு லட்சமும் செலவாகிவிடும்.

லீஸுக்குப் பணம் கொடுத்துக் குடிபோகும் உறுப்பினர்களுக்கு ரிஸ்க் இன்னும் அதிகம். வாடகை மிச்சமாகிறது, நல்ல வரவுதான். ஆனால் முழுப் பணமும் ஒருவர் கையில். சென்னையில் வீட்டை வாடகைக்கு எடுத்த இடைத்தரகர்கள், தாங்களே உரிமையாளர் மாதிரி அதை லீஸுக்கு விட்டுப் பணத்தோடு மறைந்த வழக்குகள் பல. ஆகவே உரிமையாளரை நேரில் பாருங்கள். அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். நகல் மட்டும் காட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள், வங்கியில் இருக்கலாம். வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்தே ஆக வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிப் புரோக்கர் வீட்டில் கையெழுத்துப் போட்டது கோர்ட்டில் நிற்காது. பணம் காசோலையிலோ வங்கி வழியாகவோ போக வேண்டும்.

வீட்டுக்காரர் ஆகப்போகிறவர்களும் சட்டம் தெரிந்துகொள்ள வேண்டும். 1960-ம் வருடத்து வாடகைச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். வாடகை தரவில்லை என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. வாய்ப்பேச்சில் குடிவைத்துவிட்டு, பிறகு காலி செய்ய மாட்டேன் என்றால் நம் பக்கம் காட்ட ஒரு தாள்கூட இருக்காது.

ஃபிளாட் வாங்கி விடுவது

சில உறுப்பினர்கள், முக்கியமாக வீட்டுக்காரர் ஓய்வு பெற்றுப் பணம் வந்தவர்கள், ஒரு பழைய ஃபிளாட்டை வாங்கி வாடகைக்கு விடலாமா என்று கேட்கிறார்கள். சுருக்கமாகப் போடுவோம். விலை 36 லட்சம். முத்திரைத்தாள், பதிவு எல்லாம் 9 சதவீதம், 3,24,000. ஆக 39,24,000. வாடகை 13,000. ஒரு மாதம் காலி, வரி, ரிப்பேர் என்று 28,000 கழித்தால் வருடத்துக்கு 1,28,000. நூற்றுக்கு மூன்றேகால் ரூபாய். வங்கி வட்டியில் பாதி.

"விலை ஏறுமே" என்பார்கள். ஏறலாம். மாதவரத்தில் இருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோ வழித்தடம் நம் பெரம்பூர் வழியாக அமைகிறது. ஆனால் மெட்ரோ வருவது விற்பவருக்கும் தெரியும். அதைச் சேர்த்துத்தான் விலை சொல்கிறார். ஏற்கெனவே வீடு வைத்திருப்பவருக்கு அது லாபம், இன்று வாங்குபவருக்கு அந்த லாபத்தில் பாதி முன்பே போய்விட்டது. விலை ஏறுவது நிலத்துக்குத்தான், கட்டிடம் வருடா வருடம் தேயும். பழைய ஃபிளாட்டில் நம் பங்குக்கு எத்தனை சதுர அடி நிலம் என்று பத்திரத்தில் பாருங்கள். அப்புறம், ஓய்வுக்கால மொத்தப் பணமும் ஒரே ஃபிளாட்டில் போனால், ஆஸ்பத்திரிச் செலவு வரும் அன்று என்ன செய்வது? நகையை ஒரு மணி நேரத்தில் அடகு வைக்கலாம். ஒரு ஜன்னலை மட்டும் கழற்றி விற்க முடியாது.

இவ்வளவும் சொன்னதால் மாடியே கட்டக் கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இடம் உங்கள் பேரிலோ கூட்டாகவோ இருந்து, இன்ஜினியர் சரி என்று சொல்லி, பாதிக்கு மேல் கைப்பணம் இருந்து, கடன் நீண்ட தவணையாக இருந்தால் தாராளமாகக் கட்டலாம். வாடகை கிடைக்கும், நாளைக்கு மகன் கல்யாணத்துக்குப் பிறகு அவனுக்கே ஒரு ரூம் ஆகும், வயதான அம்மாவைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். அதையெல்லாம் சதவீதத்தில் எழுத முடியாது.

இந்த நோக்கத்துக்குக் கடன் கேட்பவர்கள் அடுத்த குழுக் கூட்டத்துக்கு நான்கு தாள் கொண்டுவர வேண்டும். பத்திர நகல், கடைசி வீட்டு வரி ரசீது, இன்ஜினியர் எழுதிக் கொடுத்தது, பிறகு நீங்களே போட்ட வரவு செலவுக் கணக்கு. எழுதப் படிக்கச் சிரமப்படும் உறுப்பினருக்குப் பிரதிநிதிகள் கூட உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள். கணக்கில் வாடகையைப் பத்து மாதத்துக்கு மட்டும் பேனாவால் எழுதுங்கள். மீதி இரண்டு மாதத்தைப் பென்சிலில் எழுதினால் போதும்.